எங்கள் தெருக் கத்தி

பெரிய தெருவில் கத்திக்குத்து வாங்கினால் தையலோடு வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். எங்கள் தெருவில் வாங்கியவர்களைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆம்புலன்ஸுக்கு எங்கள் தெரு என்றால் பயம், போலீஸ் துணைக்கு வந்தால்தான் உள்ளே நுழையும்.

என் அக்கா வீட்டுக்காரர் காய்கறி வண்டி தள்ளுகிறவர். வயிற்றில் குத்துப்பட்ட தையல்காரரை வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். கடவுள் கிருபை, ஆள் பிழைத்தார். போலீஸார் நன்றியோடு வண்டியைச் சாட்சிப் பொருளாகப் பிடித்துவைத்தார்கள்.

"வண்டி எப்ப சார் கிடைக்கும்?"

"கேஸ் முடியட்டும்யா. உனக்கென்ன அவசரம்?"

போன வாரம் பால்காரர் மகனுக்குத் தொடையில் குத்து. மாமா தோளில் தூக்கி ஓடினார், பாதி வழியிலேயே பிள்ளை உயிர் அடங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் ரொம்பக் கொடூரமானவர்களாம், பேப்பரில் போட்டிருந்தார்கள். வண்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.