கீழிருந்து இரண்டாவது தட்டு

சனிக்கிழமை, பிற்பகல் 3.10. தாம்பரம்.

காசிக்குப் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் தாம்பரத்திலிருந்து நூம்பலுக்குப் போய் வந்ததை எழுதுகிறேன். போக இருபத்தெட்டு கிலோமீட்டர், வர இருபத்தெட்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். காசிக்குப் போனவர் எவரும் ஒரு பானைக் கஞ்சியைக் கெடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து திரும்பியதாக நான் படித்ததில்லை.

முகப்பில் ரோஸ் வண்ணம் அடித்த சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர், மாங்காடு என்று ஊர் ஊராக நின்று, ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துப் பூந்தமல்லியில் இறக்கிவிட்டது. வழியெல்லாம் லாரிப் புழுதி. எனக்கு ஏற்கெனவே லேசான சளி. அங்கிருந்து வேலப்பன்சாவடிக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பிறகு ஒரு கிலோமீட்டர் நடை. தங்கை மல்லிகாவின் புது வீட்டு வாசலில் போய் நின்றபோது என் மூக்கு முழுதாக அடைத்துவிட்டது.

மாலை 6.00. நூம்பல்.

மல்லிகாவின் கணவர் செல்வராஜ் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாக ஸ்டோர்ஸ் பிரிவில்தான். நாங்கள் எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம். ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருப்பதால், ஆவடிக் குவார்ட்டர்ஸில் பாதிச் சாமானும் இங்கே பாதிச் சாமானுமாகக் குடித்தனம் நடக்கிறது.

நான் போனபோது அங்கே ஒரு சண்டை, முன்னறையைப் பற்றி. தெருவைப் பார்த்த நல்ல அறை. மல்லிகா அதில் ஞாயிறு முதல் காலைச் சிற்றுண்டிக் கடை போடப் போகிறாள். சத்துமாவுக் கஞ்சி பதினைந்து ரூபாய், கம்பு அடையும் பிரண்டைத் துவையலும் இருபது ரூபாய். சுவரோரம் ஒரு அலமாரியில் அவளே இடித்துச் சலித்த குளியல் பொடியும் சீயக்காய்ப் பொடியும். செல்வராஜுக்கோ அந்த அறையை ஒரு பார்சல் கம்பெனிக்குக் கிடங்காக விட ஆசை. அந்தக் கம்பெனி ஆளும் அதே ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பேச வருகிறார்.

"மதினி, நீங்களே சொல்லுங்க. பரோட்டாவும் பூரியும் விக்கிற ஊர்ல கஞ்சி குடிக்க எவன் வருவான்?" என்றார் என்னிடம்.

"வருவாக. நாளைக்குப் பாருங்க" என்றாள் மல்லிகா அடுக்களையிலிருந்தே.

"நீ கூப்பிட்ட குவார்ட்டர்ஸ் ஆளுக வந்தா அது சேராது. அவுக பழகின தோசத்துக்கு வருவாக. நூம்பல்காரங்க பத்துப் பேர் தானா வந்து உக்காந்து சாப்பிடட்டும். அந்தாளுக்கு நானே இல்லைன்னு சொல்லிருதேன்" என்றார் செல்வராஜ்.

பந்தயம் அதுதான். ஒன்பது மணிக்குள் பத்துப் பேர். இல்லையென்றால் என் தங்கையின் அறையில் அட்டைப்பெட்டி அடுக்குவார்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு தும்மல் போட்டேன். மல்லிகா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்து, நெற்றியிலும் மூக்கிலும் யூகலிப்டஸ் தைலத்தைத் தடவிப் படுக்கச் சொன்னாள்.

ஞாயிறு, காலை 5.15.

இனி என் வீரச்செயல். வெந்நீர் கொதிக்கிறது. பக்கத்து அடுப்பில் கருப்பட்டிப் பாகு. மல்லிகா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "அக்கா, ரெண்டாவது தட்டு, நாலாவது டப்பா. பச்சத் தண்ணியில கரைச்சு ஊத்திக் கிண்டு. கெட்டியானதும் பாகை விட்டுரு. நான் குளிச்சிட்டு ஓடியாரேன்" என்று போனாள்.

அந்த வீட்டு அடுக்களையில் ஓர் இரும்பு ரேக். ஐந்து தட்டு. எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரித் தகர டப்பாக்கள். எதிலும் பெயர் கிடையாது. செல்வராஜின் அழகான கையெழுத்தில் எண் மட்டும். எண்ணுக்கு உரிய பொருள் என்னவென்று ஆணியில் தொங்கும் நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு எதற்கு நோட்டு? நாற்பது வருடமாகச் சமைக்கிறவள் நான். மேலிருந்து எண்ணினேன். இரண்டாவது தட்டு, நாலாவது டப்பா. மூடியில் கூட 4 என்றுதான் இருந்தது. பழுப்பு கலந்த மஞ்சள் மாவு. கரைத்தேன், ஊற்றினேன், கிண்டினேன், பாகையும் விட்டேன். மூக்கில் தைலத்தைத் தவிர எந்த வாசனையும் ஏறவில்லை.

மல்லிகா ஈரத் தலையோடு வந்து நிலைப்படியிலேயே நின்றாள்.

"அக்கா, நான் குளிச்சு முடிச்சிட்டேன். இன்னும் ஏன் குளிக்கிற வாசனை வருது?"

ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஐயையோ, என்ன கசப்பு! பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூ, பச்சைப்பயறு. ஒன்றரைக் கிலோ குளியல் பொடியில் முப்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கிறேன்.

செல்வராஜ் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "மதினி, எந்தத் தட்டுல எடுத்தீய? ஸ்டோர்ஸ்ல தட்டைத் தரையில இருந்துல்லா எண்ணணும்! கனமான சரக்கு கீழ, லேசானது மேல. கீழ இருந்து ஒண்ணு, ரெண்டு..."

"இது வீடா, ஸ்டோர்ஸா?" என்று கத்தினேன். கத்தியது அவரிடம், அழுகை வந்தது என்னை நினைத்து. தங்கையின் முதல் நாளை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே!

மல்லிகா அழவில்லை. கீழிருந்து இரண்டாவது தட்டில் சத்துமாவு பத்திரமாக இருந்தது. போனது கருப்பட்டி. இருந்ததையெல்லாம் பாகு காய்ச்சியாகிவிட்டது. மீதி ஆவடி குவார்ட்டர்ஸில்.

"முக்குக் கடையில வெல்லம் வாங்கிருவோம்" என்றேன்.

"கருப்பட்டிக் கஞ்சின்னு சொல்லியிருக்கேன்க்கா. கருப்பட்டிதான் போடுவேன்."

அந்த நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தேன். என் தங்கைதான் என்று பெருமையாக இருந்தது. உடனே குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 5.50. ஆட்டோவில்.

தெருமுனையில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தவர் பெயர் தேவா. அந்த ஊரிலேயே பிறந்தவர். ஆவடி போக ஒன்பது கிலோமீட்டர், வரவும் சேர்த்து நானூறு ரூபாய் என்று பேசினோம்.

"இன்னா யக்கா, விடியவே இல்ல, அதுக்குள்ள ஆவடியா? இன்னா அவசரம்?"

"கருப்பட்டி எடுக்கணும்."

"கருப்பட்டிக்கா ஆவடி வரைக்கும்? நம்ம கடையிலயே கீதே!"

"அதுல சர்க்கரை கலந்திருக்குமாம். என் தங்கச்சி தொடமாட்டா."

தேவா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். திருவேற்காடு, காடுவெட்டி, பருத்திப்பட்டு எல்லாம் பனியில் கடந்தன. ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள் குல்லாய் போட்டுக்கொண்டு போனார்கள். நான் நடந்ததையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். குளியல் பொடிக் கஞ்சி என்றதும் அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டே சிரித்தார்.

6.15க்குக் குவார்ட்டர்ஸ். பூட்டைத் திறந்தால் அங்கேயும் அதே ரேக், அதே எண். போனில் செல்வராஜ்: "மூணாவது தட்டு, மொதல் டப்பா. கீழ இருந்து, மதினி, கீழ இருந்து!" இந்த முறை குனிந்து, தரையைத் தொட்டு எண்ணினேன். கருப்பட்டி வட்டுகள் ஓலை வாசனையோடு இருந்தனவாம். தேவாதான் முகர்ந்து சொன்னார்.

காலை 6.45. மீண்டும் நூம்பல்.

வாசலில் எதிர்வீட்டுப் பார்வதி நின்றுகொண்டிருந்தார். பரம்பரையாக அங்கே நெல் விளைவித்த குடும்பம். இப்போது பிள்ளைகள் கம்பெனிகளில் இருக்கிறார்கள். இரண்டு மாதமாக மல்லிகாவோடு தலையசைப்பு மட்டும்தான். அன்றைக்கு வாசனை அவரை இழுத்து வந்திருக்கிறது.

"இன்னாம்மா, தெருவே மணக்குது. யாருக்கு நலங்கு? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லியே!"

மல்லிகா மறைக்காமல் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். பார்வதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அந்தப் பானைல திரும்பக் காச்சாத, மணம் போவாது. எங்கூட்டுக் குண்டான எடுத்துக்கோ" என்று தன் வீட்டுப் பெரிய பாத்திரத்தைக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றிவிட்டார். நான் காய்ச்சியதைத் தோட்டத்துத் தென்னங்கன்றுக்கு ஊற்றினோம். நூம்பலிலேயே மேனி மினுமினுப்பான தென்னை இனி அதுதான்.

கஞ்சி ஏழேகாலுக்குத் தயார். முதல் டம்ளர் தேவாவுக்கு. ஊதி ஊதிக் குடித்தார். இன்னொன்று ஊற்றச் சொல்லிக் காலி டம்ளரை நீட்டினார். பிறகு போனை எடுத்தார்: "மச்சான், ஸ்டாண்ட்ல யார் யாரு கீறீங்க? நம்ம தெருவாண்ட வாங்கடா. பொட்டிக்கட டீய உட்டுத் தள்ளு."

"சோப்புக் கஞ்சி வச்ச ஊடு இதானா?" என்று கேட்டுக்கொண்டே ஐந்து ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். பார்வதி தன் இரண்டு மருமகள்களையும் ஓரகத்தியையும் கூட்டிவந்தார். சிரிக்க வந்தவர்கள்தான் எல்லோரும். உட்கார்ந்து, அடையைப் பிய்த்துத் துவையலில் தொட்டு வாயில் வைத்ததும் சிரிப்பு நின்றது. ஒரு மருமகள் குளியல் பொடி இரண்டு பொட்டலம் கேட்டாள். குவார்ட்டர்ஸ் கூட்டம் வந்தபோது அறையில் உட்கார இடமில்லை.

செல்வராஜ் கதவோரம் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். எட்டரைக்குப் பத்து நிறைந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

காலை 9.05.

பார்சல் கம்பெனிக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். உள்ளே எட்டிப் பார்த்து, "சார், ரூம் எப்ப காலியாகும்?" என்றார்.

மல்லிகாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. எனக்கு மூச்சே விட முடியவில்லை, சளியால் அல்ல.

செல்வராஜ் சொம்பைக் கீழே வைத்தார். "காலியாகாது சார். இது என் வீட்டுக்காரி கடை" என்றார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. உக்காந்து ஒரு கஞ்சி சாப்பிட்டுப் போங்க."

மல்லிகா முதுகைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் துடைக்கவில்லை. அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

பிற்பகல் 3.00. பூந்தமல்லி.

கிளம்பும்போது செல்வராஜ் டப்பாக்களில் எண்ணுக்குக் கீழே பெயரும் எழுதிக்கொண்டிருந்தார். "மதினி அடுத்த தடவ வருவாகல்ல, அதான்" என்றார். என் பையில் ஒரு கிலோ சத்துமாவும் கால் கிலோ குளியல் பொடியும். இரண்டிலும் கொட்டை எழுத்தில் பெயர்.

தாம்பரத்தில் என் அடுக்களையில் ஓட்ஸ் பாக்கெட்டும் மூன்று வகை ஷாம்பு சாஷேவும் எனக்காகக் காத்திருந்தன. நினைக்கவே வெட்கமாக இருந்தது. அதே ரோஸ் முகப்புப் பேருந்து. டிக்கெட் கொடுக்க வந்த நடத்துநர் பையைப் பார்த்து, "இன்னாம்மா இவ்ளோ வாசன, எங்க வாங்கின?" என்றார்.

மூக்கு திறந்திருந்தது. எனக்கும் வாசனை அடித்தது.

"வாங்கலப்பா. என் தங்கச்சி கடை, நூம்பல்ல" என்றேன். மாங்காடு வருவதற்குள் முன் சீட்டு, பின் சீட்டு, கேட்காதவர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டேன்.