பத்தொன்பது ஒன்றுகள்

நடராஜ் சார் போய்விட்டார். இன்று காலை. பக்கவாதம் வந்து கொஞ்ச நாளாகப் படுக்கையில் இருந்தார்…

முதலிபாளையம் பனியன் கம்பெனியில் எங்களுக்கு மேனேஜர். எம்.எஸ்சி. கணக்கு. யாரிடமும் 'ங்க' போடாமல் பேச மாட்டார்.

நான் அங்கே செக்கிங். நாள் முழுக்க நின்றபடி துணியில் ஓட்டை தேடும் வேலை. கால் வீங்கிவிடும். ஆபீஸில் ஒரு சீட் காலியானது. நான் ப்ளஸ் டூ, கணக்கில் நல்ல மார்க். போய்க் கேட்டேன்.

ஒரு பேப்பரில் ஒன்று, ஒன்று என்று எழுதிக்கொண்டே போனார். மொத்தம் பத்தொன்பது ஒன்று.

"ஏனுங்க பரீதா, இதை மீதியில்லாம வகுக்கற நம்பர் ஒன்னு கண்டுபுடிச்சுக் கொண்டாங்க. ஒன்னையும், இதே நம்பரையும் மட்டும் சொல்லக் கூடாதுங்க. சீட்டு உங்களுக்குத்தான்."

நம்பினேன். 111ஐ மூன்று வகுக்கும். 1111ஐப் பதினொன்று வகுக்கும். 11111ஐ நாற்பத்தொன்று வகுக்கும். இதற்கும் ஒன்று இருக்காதா என்ன…

கால்குலேட்டரில் அந்த எண் அடங்கவில்லை. அட்டைப்பெட்டிக் கிழிசலில் கையாலேயே வகுத்தேன். சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், வீட்டில். 7… 13… 17… எதைப் போட்டாலும் மீதி நின்றது.

தினமும் என் செக்கிங் டேபிளுக்கு வந்து கேட்பார். "எங்க வரைக்கும் வந்தீங்க?" ஆபீஸ் ஆட்கள் கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

ஒருமுறை சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவரைக் கூட்டிவந்து, என்னைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்… மரியாதைக்கு.

நோன்பு வந்தது, தீபாவளி வந்தது. அந்த சீட்டில் கவிதா என்று ஒரு புதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். என் அட்டையைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவள் அவள்தான்.

"அக்கா, இது பகா எண்ணுங்க்கா. ஒன்னும் அதுவும் தவிர எதுவுமே வகுக்காது."

நேராக சார் ரூமுக்குப் போனேன்.

"தெரியுமுங்க. அதனாலதானுங்க குடுத்தேன்" என்றார். "நாலு நாள்ல விட்டுருவீங்கன்னு நெனச்சனுங்க. நீங்க விடவே இல்ல… பாக்கப் பாக்க நல்லா இருந்துச்சுங்க."

திரும்பிப் போய் நின்று ஓட்டை தேடினேன். வேறெங்கே போவது?

போன வாரம் செக்கிங் ஆட்கள் எல்லோரும் அவரைப் பார்க்கப் போனோம். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை விளங்கவில்லை. என்னை அடையாளம் தெரிந்தது.

காதருகே குனிந்தேன். "சார், அந்த நம்பரை வகுத்துட்டனுங்க. மீதி பூஜ்யமுங்க."

பொய்தான்.

கண் விரிந்தது. "இல்லீங்க… முடியாதுங்க…" என்று குழறினார். கொஞ்ச நேரம் கழித்து, "எது… எந்த நம்பருங்க?"

"நாளைக்கு வந்து சொல்றனுங்க சார்."

போகவில்லை.

இன்று அவர் மனைவிதான் போன் செய்தார். "கடைசி வரைக்கும் உங்களையே கேட்டுட்டு இருந்தாருங்க. பேப்பர் வாங்கி வச்சுட்டு, இடது கையில என்னமோ எழுதி எழுதி அடிச்சுட்டே இருந்தாரு. தூக்கமே இல்லீங்க. அத்தன பாசமுங்களா உங்க மேல?"

"ஆமாங்க" என்றேன்.

மதியம் எடுக்கிறார்களாம். எனக்கு ஷிப்ட் இருக்கிறது.

போய்ட்டு வாங்க சார்.