அளவுகோல் பள்ளத்தில் இறங்கிய கதை

“எந்த உயரமும் என் கண்ணுக்குத் தப்பாது. நான் சொல்ற மீட்டரைப் பேனாவுலயே எழுதிக்கலாம்.”

ட்ரோன் பறக்கவிட்டு நிலம் அளக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, டீ குடிக்கும் நேரத்தில், ஆறு பேர் சாட்சியாக அவர் செய்த பிரகடனம் இது. அன்று முதல் அவர் பெயர் அளவுகோல். மற்றவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்குக் கண் இருந்தது. தண்ணீர்த் தொட்டியோ விளக்குக் கம்பமோ, எதுவானாலும் ஒரு கண்ணை மூடுவார், கட்டைவிரலை நீட்டுவார், தொண்டையைச் செருமுவார். “இருபத்திரண்டு” என்பார். அளந்து பார்த்தால் இருபத்திரண்டு இருக்கும், மிஞ்சிப்போனால் இருபத்தொன்றரை. அந்த அரை மீட்டருக்கு அவர் கம்பம் நட்டவனைக் குறை சொல்வார். வீட்டுக்கு வாங்கிய பீரோ படுக்கையறைக் கதவுக்குள் நுழையாமல் ஐந்து வருடமாகக் கூடத்தில் நிற்கிறதே, அது தச்சன் செய்த தப்பு.

அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவர் அவர் மனைவியின் தம்பி. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அவர் பெயர் கண்ணாடி. ட்ரோனை ஓட்டுவது அளவுகோல். அது கம்பியிலோ கோபுரத்திலோ மோதாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது கண்ணாடி. போகும் இடத்தில் உயரமாக எது தெரிந்தாலும், ட்ரோனை எட்டத்தில் நேராக மேலே ஏற்றி, அந்த உச்சியும் தொடுவானமும் திரையில் ஒரே கோட்டில் வரும்போது எத்தனை மீட்டர் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்பார் கண்ணாடி. அதற்கென்று ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

“பென்சில் எதுக்கு மாப்ளே? அழிச்சு எழுதுறவனுக்குத்தானே அது?”

“ஆமா மாமா. நான் அழிச்சு எழுதுறவன்தான்.”

அப்படித்தான் ஒரு நாள் கல்குவாரி ஒன்றைப் படம் பிடிக்கப் போனார்கள். குவாரியின் விளிம்பில் ஒரு செல்போன் கோபுரம். சாலையில் வண்டியை நிறுத்தியதும் கட்டைவிரல் நீண்டது. “முப்பத்தஞ்சு.” தொடர்பு அறுந்தால் ட்ரோன், முன்பே சொல்லிவைத்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பி வரும். தாராளமாகப் பத்து மீட்டர் கூட்டி நாற்பத்தைந்து என்று வைத்தார். மேலே வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளத்தின் அடியில் நல்ல நிழல். இருவரும் இறங்கினார்கள்.

“மாமா, ஒரு தடவை ஏத்தி அளந்துடலாமா?”

“அளக்கத்தான் நான் இருக்கேனே.”

கிளப்பிய ட்ரோன் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் தொடர்பு அறுந்தது. ட்ரோன் சொன்ன பேச்சைக் கேட்டு நாற்பத்தைந்துக்கு ஏறித் திரும்பியது, நேராகக் கோபுரத்தில் மோதியது. கோபுரம் முப்பத்தைந்து மீட்டர்தான், ஒரு சாண் பிசகவில்லை. ட்ரோனோ உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்து எண்ணும். கிளம்பிய இடம் கோபுரத்தின் அடியைவிடப் பதினாறு மீட்டர் கீழே. ஊரில் உள்ள உயரத்தையெல்லாம் அளந்த மகான், தான் நின்ற பள்ளத்தை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கும்போதே அவருக்கு இது விளங்கிவிட்டது.

அலுவலகத்தில் முதலாளி, “யாருய்யா பாத்துக்கிட்டு இருந்தது?” என்று கேட்டார்.

“கண்ணாடிதான் சார் பாத்துக்கிட்டு இருந்தான்.”

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. கண்ணாடி அக்காள் புருஷனை ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டிக்கொண்டார். மறுநாள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இரண்டு மாதம் அலைந்து, மூக்குக்கண்ணாடி விற்கும் கடை ஒன்றில் சேர்ந்தார். இதற்குச் சிரிக்க அளவுகோலால் முடியவில்லை.

“என் தம்பி அப்படி அசந்து நிக்கிற ஆள் இல்லையே” என்றாள் மனைவி.

“வெயில்ல கண்ணு கூசியிருக்கும்.”

முதலாளியிடம் சொன்னதைவிட இதுதான் பிறகு அவரை அதிகம் அரித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று தட்டு எடுக்கும் வழக்கம் இரண்டு தட்டானது. மனைவி குழம்பை ஊற்றிவிட்டுப் பீரோவைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

எட்டு மாதம் கழித்து அதே குவாரியிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. அளவுகோல் கண்ணாடிக்குப் போன் செய்தார்.

“ஒரு நாள் வர முடியுமா மாப்ளே? குவாரிக்கு.”

“எதுக்கு?”

“அளக்கணும்.”

“கடையில ஆள் இல்ல மாமா.” மாமா என்று கூப்பிடாமல் போனை வைத்திருந்தால் தேவலை.

கடைசியில் முதலாளியே கூட வந்தார். அளவுகோல் பள்ளத்தில் இறங்கி, முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார். கட்டைவிரலை நீட்டவில்லை. ட்ரோனை எட்டத்தில், மெல்ல மெல்ல நேராக ஏற்றினார். கோபுர உச்சி தொடுவானத்தைத் தொட்டபோது திரை ஐம்பத்தொன்று காட்டியது.

“அன்னைக்கு எவ்வளவு வெச்சே?” என்றார் முதலாளி.

“நாப்பத்தஞ்சு.”

“கண்ணாடி ஒண்ணும் சொல்லலையா?”

“அளக்கலாம்னு சொன்னான் சார். நான்தான் வேணாம்னேன்.”

முதலாளி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேய்யா.”

“சொல்லியிருக்கலாம் சார்.”

அளவுகோல் ட்ரோன் பையிலேயே கிடந்த கண்ணாடியின் பழைய நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி, ‘செல்போன் கோபுரம்’ என்ற வரி, அதற்கு எதிரே உயரத்துக்காக விட்ட இடம். அது காலியாகவே இருந்தது. முதலாளி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை நீட்டினார்.

“பென்சில் இருக்கு சார்.”

ஐம்பத்தொன்று என்று எழுதினார். பிறகு ட்ரோனை இறக்கி, சரிதானா என்று பார்க்க இன்னொரு தடவை ஏற்றினார்.