மூணாவது தலகாணி

தலகாணி விக்கிறவன் பிழைப்பு மெத்து மெத்துன்னு இருக்கும்னு நினைக்கிறவங்க, சங்கரன்கோவில்ல என் கடையில வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க. இந்த ஊர்ல படுத்தா மூச்சு முட்டுதுன்னா, முதல்ல மிதிக்கிறது என் கடைப் படியைத்தான், ஆஸ்பத்திரிப் படி அப்புறம்தான். நல்லது சொல்லி ஏச்சு வாங்கினவங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எல்லாம் வாய்வு

விசைத்தறி வச்சிருக்கிற மாரியப்பனோட சம்சாரம் செல்வி, வீட்டுக்காரருக்கு ரெண்டாவது தலகாணி கேட்டு வந்துச்சு. ஒண்ணு பத்தலையான்னு கேட்டேன். மட்ட மல்லாக்கப் படுத்தா அவருக்கு மூச்சு முட்டுதாம், எந்திரிச்சு உட்கார்ந்தா சரியாகுதாம். எனக்குத் திக்குன்னுச்சு. என் மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. அவரைக் காட்டப் போனப்போ டாக்டர் முதல்ல கேட்டதே, "எத்தனை தலகாணி வச்சுப் படுக்கீங்க?"ன்னுதான். தலகாணி கூடிக்கிட்டே போனா இருதயத்தைப் பார்க்கணும்னாரு.

இதைச் செல்விகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலகாணியை அமுக்கிப் பார்த்துக்கிட்டே சொல்லுச்சு: "அது வாய்வு அண்ணாச்சி. புரோட்டாவ விட்டாச் சரியாப் போயிரும். நீங்க பஞ்சை நல்லா இறுக்கி அடைச்சுக் குடுங்க."

ஊரெல்லாம் டாக்டரு

டீக்கடையில மாரியப்பனைப் பார்த்து நானே பேச்செடுத்தேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டானுவ. தறித் தூசி, ஆஸ்துமான்னான் ஒருத்தன். சாப்பிட்டதும் படுத்தா அப்படித்தான், நெஞ்செரிச்சல்னான் இன்னொருத்தன். அடுத்தவன் அவர் தொப்பையைக் காட்டி, "இம்புட்டுப் பாரத்தையும் ஏத்திக்கிட்டுப் படுத்தா மூச்சு எப்படி வே வரும்?"ன்னு சிரிச்சான்.

இதுல எதுவா வேணும்னாலும் இருக்கும்யா! எதுன்னு பார்த்துச் சொல்லத்தானே டாக்டர் இருக்காரு? அப்படியே கேட்டுப்புட்டேன். டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கிட்டே சொன்னாரு: "டாக்டர்ட்ட போனா இல்லாத வியாதியெல்லாம் வந்துரும் அண்ணாச்சி. இங்கன ஒரு இஞ்சி டீயில போயிரும்."

இல்லைன்னு சொன்னேன்

ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சதும் மாரியப்பனே கடைக்கு வந்தாரு. படியேறினதுக்கே மூச்சு இளைச்சுப் போய்த் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பாதம் வீங்கி, செருப்பு வார் பதிஞ்சு கிடந்துச்சு. மூணாவது தலகாணி வேணுமாம். என் முதுகுக்குப் பின்னால கூரை முட்ட அடுக்கி வச்சிருக்கேன். "இல்லை"ன்னுட்டேன். "முதல்ல இருதயத்தைக் காட்டிட்டு வாரும். அப்புறம் சும்மாவே தாரேன்."

கடையில நின்ன சனமெல்லாம் திரும்பிப் பார்த்துச்சு. மனுசனுக்கு மூஞ்சி கறுத்துப் போச்சு. "தலகாணி கேட்டா சாவச் சொல்லுதீரோ? கருநாக்குவே உமக்கு! இனி உம்ம கடைப் படிய மிதிக்க மாட்டேன்."

துட்டி வீடு

ஆவணி முடியறதுக்குள்ள மாரியப்பன் தவறிட்டாருன்னு அவர் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனேன். இருதயம்தானாம். முன்னாலேயே கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்களாம். நான் அப்பவே சொன்னேனேன்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

செல்வி என்னை ஏசலை. ஏசியிருந்தாத் தாங்கியிருப்பேன். மூலையில கிடந்த பிளாஸ்டிக் சேரைக் காட்டிச் சொல்லுச்சு: "வீம்புக்கு வேற கடையிலயும் வாங்கலை. கடைசி வரைக்கும் அதுலயேதான் உட்கார்ந்திருந்தாக. அந்த ஒரு தலகாணியக் குடுத்திருந்தா, ஒரு நாளாவது படுத்துத் தூங்கியிருப்பாகளே அண்ணாச்சி."

இப்பல்லாம் கேட்ட தலகாணியைக் கையில குடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுதேன். தலகாணியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, சொன்னதை மட்டும் என் கடையிலேயே போட்டுட்டுப் போயிருதாங்க.