தம் போட்ட பீட்சா

ஜுல்ஃபிகர் பூந்தமல்லியில் பேர்போன பிரியாணி மாஸ்டர். மாங்காட்டுக் கல்யாணமானாலும் நூம்பல் காதுகுத்தானாலும், ஆவி போகாமல் விளிம்பை மாவால் அடைத்துத் தம் போட்ட பிரியாணி தேக்சாவின் மூடியை, அவர் சொல்லாமல் மாப்பிள்ளைகூடத் தொட முடியாது.

திங்கட்கிழமைதான் அவருக்கு ஓய்வு. அன்று ராத்திரி வீட்டில் பீட்சா. மைதா உடம்புக்கு ஆகாதென்று மனைவி மஹீரா கோதுமை மாவில்தான் செய்வாள்.

போன திங்கள், ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை ஓரமாக வைத்துவிட்டு, அடுப்பில் தக்காளியையும் குடைமிளகாயையும் சட்டியில் மூடி போட்டு வதங்கவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று தொழப் போனாள்.

ஜுல்ஃபிகர் பார்த்தார். மூடியோரம் ஆவி கசிந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. மஹீரா துருவி வைத்திருந்த சீஸை உள்ளே கொட்டினார். "தம்முக்குப் போயி கோதுமை மாவா? இன்னா வீண்செலவு!" என்று திட்டிக்கொண்டே, பக்கத்திலிருந்த மொத்த மாவையும் விளிம்பைச் சுற்றி அப்பி மூடியை அடைத்தார்.

தொழுதுவிட்டு வந்த மஹீரா, "மாவு எங்கங்க?" என்றாள்.

"தம் போட்டுட்டேன்."

"ஐயோ, அதுதாங்க பீட்சாவே!"

"இப்ப மூடியத் தொறக்கக் கூடாது" என்றார் மாஸ்டர், கொஞ்சமும் இறங்காமல்.

அவர் ஒருவழியாகத் திறந்தபோது, சூட்டில் உப்பிச் சிவந்திருந்த மாவு வளையத்தை மகள் ரூஹி பிய்த்தாள். உருகிய சீஸில் தோய்த்துத் தின்றாள்.

"அத்தா, செமையா கீது! வாராவாரம் இதையே பண்ணுங்க."

ஜுல்ஃபிகரும் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். முகம் சிவந்துவிட்டது.

"இத்தினி வருசமா கல்யாணத்துக்குக் கல்யாணம் இத்தப் பிச்சிப் பிச்சிக் குப்பையில போட்டுகினு கீறேன். ஒருத்தனாவது சொன்னானா?"