லாட்டரி வண்டிக்காரம்மா நான்தான்

எழுபத்தாறாம் வருடம் மாசி மாதத்தில் என் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. இளையவள் வசந்திக்கு அப்போது ஒரு வயது. காய்ச்சல் என்றுதான் படுத்தேன். காய்ச்சல் போகும்போது கால்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். முதுகுத்தண்டில் நரம்பு கெட்டுவிட்டது, இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

என் பெயர் சரஸ்வதி. சங்ககிரியில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் முத்துசாமி லாரி ஓட்டுகிறார். நம் சனிக்கிழமை பஜனையில் ஆளாளுக்குத் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பெரிய அதிசயம். ஆஞ்சநேயர் எனக்குச் செய்ததைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். சிரித்தாலும் சரி, சொல்லாமல் இருப்பது நன்றி கெட்டத்தனம் என்றுதான் எழுதுகிறேன்.

கால் விழுந்த மறு வருடம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் என்னை நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, கோயில் வாசலில் ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தேங்காய் பழம் வாங்கப் போனார். அந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் என் மடியில் காசைப் போட்டுவிட்டுப் போனான். நான் கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தேன். தலை நிறையப் பூ வைத்திருந்தேன். அப்படியும் போட்டான். சாமியைப் பார்க்காமலே ஊர் திரும்பினேன். இனி வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்கு உலகம் என்றால் கட்டில், அடுப்படி, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டர் ஆஞ்சநேயர், அவ்வளவுதான். தினமும் அவரோடு சண்டை. "கடலையே தாண்டுனவன் நீ. என்னைய இந்த வாசப்படியத் தாண்ட வெக்க உனக்கு மனசு வரலையா சாமி?" என்று கேட்பேன். அவர் கைகூப்பியபடியே நிற்பார். எனக்கு இன்னும் கோபம் வரும்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லோடு ஏற்றிப் போய்விட்டுக் கண் சிவக்க வந்து இறங்குவார். வந்ததும் என்னைத் தூக்கிக் குளிக்க வைப்பார், சோறு வடிப்பார், வசந்திக்குத் தலை பின்னிவிடுவார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர் சுளித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. என்னால் அந்த வீடே எங்கும் போகாத வீடாகிவிட்டது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நோம்பி, திருவிழா, கல்யாணம், எதற்கும் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப மாட்டார். என்னைத் தனியாக விட்டுப் போக மனம் வராது.

எண்பதாம் வருடம் ஆடி பிறந்தது. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் தெருவே லாரி கட்டிக்கொண்டு மேட்டூருக்குப் போகும். ஆற்றில் குளித்து, அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டு, பார்க்கில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றுவிட்டு, பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, நீங்கள் வரவில்லையா என்று என் மகன் செல்வராஜைக் கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது. அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

"நாங்க வரலீங்க்கா. எனக்கு ஆறு புடிக்காது. பாப்பாவுக்கும் புடிக்காது" என்றான்.

"எனக்குப் புடிக்கும்" என்றாள் வசந்தி. அவளை அவன் கிள்ளியிருக்க வேண்டும். அழுதுகொண்டே உள்ளே ஓடி வந்தாள்.

எனக்காகப் பொய் சொல்லப் பழகிவிட்டான் என் பிள்ளை. அன்று விளக்கு வைத்த பிறகு ஆஞ்சநேயரிடம் நான் சண்டை போடவில்லை. அழத்தான் முடிந்தது. ஒரே ஒரு நாள் என் பிள்ளைகளோடு வெளியே போக வேண்டும், அதற்கு ஒரு வழி காட்டு என்று கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் வாசலில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். எனக்கு வந்ததே கோபம். பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்கும் பழனிச்சாமி அண்ணனின் மூன்று சக்கர சைக்கிள் அது. அவருக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் சூம்பிவிட்டன. கையால் பெடலைச் சுற்றித்தான் ஓட்டுவார். வண்டி முழுக்கச் சிவப்புப் பெயிண்ட். முதுகுக்குப் பின்னால் ஒரு தகரப் போர்டு. அதில் ஆள் உயர எழுத்து என்று சொல்லும்படி, 'நாளை குலுக்கல்'.

"ஏனுங்க, என்னையச் சீட்டு விக்க உடப் போறீங்களா?" என்றேன்.

"கோவிச்சுக்காத புள்ள. ஆடிப் பதினெட்டுக்கு ஊரே ஆத்துக்குப் போயிருது, சீட்டு வாங்க ஆரு இருக்கறா, நான் மாமனார் ஊட்டுக்குப் பஸ்ஸுல போயிக்கறேன், வண்டிய வாடகைக்கு எடுத்துக்கங்கன்னு அந்த அண்ணன்தான் சொன்னாரு."

"அந்தப் போர்டையாச்சும் கழட்டுங்க."

"ஆணியெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்குது. கழட்டுனா தகரமே பிஞ்சிரும்."

வழி காட்டு என்று கேட்டதற்கு இதுவா வழி என்று காலண்டரை முறைத்தேன். ஆனால் வசந்தி அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்து மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். செல்வராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வைக்காகத்தான் சரி என்றேன். வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து அந்தப் போர்டை இறுக்கிக் கட்டி மூடச் சொன்னேன்.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டு சனிக்கிழமையில் வந்தது. லாரியில் வைக்கோல் பரப்பி, தார்பாய் விரித்து, நடுவில் வண்டியைக் கயிற்றால் கட்டி, அதில் என்னை உட்கார வைத்தார்கள். எடப்பாடி வழியாகப் போனோம். மூன்று வருடத்துக்குப் பிறகு கரும்புக் காட்டைப் பார்த்தேன். கிணற்று மேட்டில் மாடு நிற்பதைப் பார்த்தேன். இதெல்லாம் இவ்வளவு அழகாகவா இருந்தது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது. காற்றில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மேட்டூரில் இறங்கினால் தலை, தலை, தலைதான். அணையை அண்ணாந்து பார்த்தேன். மனிதர்கள் கட்டினார்களா இதை என்று இருந்தது. வீட்டுக்காரர் தள்ள, நானும் கையால் பெடலைச் சுற்றிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே தோள் கழன்றுவிடும் போல வலித்தது. இந்த வண்டியை வைத்துக்கொண்டுதான் பழனிச்சாமி அண்ணன் பஸ் ஸ்டாண்ட் மேட்டில் பாட்டுப் பாடியபடி ஏறுவார். அவரைப் பார்த்து நான் உச்சுக் கொட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்தது. மனதுக்குள் கும்பிட்டேன்.

துண்டு கட்டி என்ன பிரயோஜனம்? சிவப்பு வண்டியைப் பார்த்ததுமே கிட்ட வந்தவர்கள் சீட்டுக் கேட்டார்கள். "கடைசி நம்பர் ஏழு இருக்குதுங்களா?" என்று ஒருவர். "அக்கா, நல்ல கையால ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று புதுப் பெண்டாட்டியோடு வந்த ஒருவன். இல்லை, இல்லை என்று சொல்லியே எனக்கு வாய் வலித்தது. பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கும் ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் என்னை நிறுத்திவிட்டு அவரும் செல்வராஜும் மாங்காய்ப் பத்தை வாங்கப் போனார்கள். சனிக்கிழமை என்பதால் எங்களுக்கு மீன் வறுவல் கிடையாது. வசந்தி என் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் வந்தார். மடியிலிருந்து கசங்கிய சீட்டு ஒன்றை எடுத்து நீட்டி, "ரிசல்ட்டு வந்துருச்சுங்களா, பாத்துச் சொல்லு சாமி" என்றார். இது என் வண்டி இல்லை என்று அவருக்கு விளங்க வைத்துவிட்டுத் திரும்பினேன். வசந்தியைக் காணோம்.

கத்தினேன். கூட்டத்தின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வீட்டுக்காரர் திரும்பி வந்தார். விஷயம் தெரிந்ததும் கையிலிருந்த பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் ஓடினார். ஆறு அன்றைக்குக் கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. செல்வராஜ் ராட்டினத்துப் பக்கம் ஓடினான். அத்தனை பேர் ஓடுகிற இடத்தில் பெற்றவள் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

கண்ணை மூடினேன். "கடல் தாண்டிப் போயி, தொலைஞ்ச தாயாரக் கண்டுபுடிச்சவன் நீ. எம் புள்ளையக் கண்டுபுடிச்சுக் குடு சாமி. எனக்குக் கால் வேண்டாம். இனிமே சத்தியமாக் கேக்க மாட்டேன். அவளக் குடு, போதும்" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அப்படி நான் எதையும் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்ததும் ஒன்று தோன்றியது. ஐந்து வயதுப் பிள்ளை கூட்டத்துக்குள் நின்றுகொண்டு எதைத் தேடும்? இந்த வண்டியைத்தானே தேடும்? அதை நான் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன். கையைப் பின்னால் விட்டு அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை. இழுத்த இழுப்பில் கிழிந்தே வந்துவிட்டது. மணியை அடித்தேன். விடாமல் அடித்தேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு பெண் ஓடி வந்தாள். "ஏனுங்க்கா, லாட்டரி வண்டிக்காரம்மா நீங்கதானுங்களா? உங்களத்தான் அப்பயிருந்து மைக்குல கூப்புடறாங்க" என்றாள். காதைத் தீட்டினேன். ராட்டினச் சத்தத்துக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது. வசந்தி என்கிற பாப்பா போலீஸ் கூடாரத்தில் இருக்கிறது, லாட்டரி வண்டியில் வந்த அம்மா எங்கிருந்தாலும் உடனே வரவும்.

கூடாரம் நுழைவாசலுக்குப் பக்கத்தில் மேட்டின் மேல் இருந்தது. தள்ளுவதற்கு ஆள் இல்லை. நானே பெடலைச் சுற்றினேன். தோள் வலித்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தத் தலைப்பாகைப் பெரியவர் எங்கிருந்தோ வந்து, "லாட்டரி வண்டி வருது, வழி உடுங்க சாமி, வழி உடுங்க" என்று கூவிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மணியடித்தேன். அவ்வளவு பெரிய கூட்டம் எனக்காக விலகியது. என் மடியில் யாரும் காசு போடவில்லை.

கூடாரத்தில் வசந்தி யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் கேட்டாலும் ஊர் பேரும் சொல்லவில்லையாம், அப்பா பேரும் சொல்லவில்லையாம். எங்கம்மா லாட்டரி வண்டி, எங்கம்மா லாட்டரி வண்டி என்று அதையே சொல்லியிருக்கிறாள்.

"இந்த லாட்டரி வண்டி உங்களதாம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"ஆமாங்க. என்னுதுதானுங்க" என்றேன்.

வசந்தி என் மேல் ஏறி உட்கார்ந்து, "எங்கேம்மா தொலைஞ்சு போயிட்டே நீ?" என்று என்னைத் திட்டினாள். கொஞ்ச நேரத்தில் செல்வராஜும் அவரும் வந்து சேர்ந்தார்கள். அவர் இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தார். ஆற்றில் இறங்கித் தேடியிருக்கிறார். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்குக் கால் போனபோதுகூட அழாத மனிதர்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் பழனிச்சாமி அண்ணனுக்கு அரசாங்கத்தில் புது வண்டி கொடுத்தார்கள். பழையதை எனக்கே கொடுத்துவிட்டார். "போர்டக் கழட்டித் தரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லாரி பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து வீட்டுக்காரர் ஒரு கனத்த பலகையைக் கொண்டுவந்து வாசற்படி மேல் சாய்த்துப் போட்டார். அந்தப் பலகை வழியாக நான் தினமும் படியைத் தாண்டுகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். சந்தைக்குப் போகிறேன். விலை பேசி வாயாடுகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்குப் போய், மேலே கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் என் சாமியைப் பார்த்துவிட்டு வருகிறேன். வாசப்படி தாண்ட வை என்றுதானே அத்தனை நாளும் அவரிடம் கேட்டேன்? தாண்ட வைத்துவிட்டார். எப்படி என்பதை அவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்.

கால் வேண்டும் என்று அன்றைக்கு அப்புறம் நான் கேட்டதில்லை. கொடுத்த வாக்கு அது.

என்னைப் போலக் கட்டிலில் கிடக்கிறவர்கள், இனி விடிவே இல்லை என்று இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டதற்கு அவர் எதையாவது கொண்டுவந்து உங்கள் வாசலில் நிறுத்துவார். அது எந்தக் கோலத்தில் வந்தாலும் சரி, துண்டு போட்டு மட்டும் மூடிவிடாதீர்கள்.