கும்பிட இறங்கிய கை

தீக்காயம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு வலிக்கும் என்று கோயமுத்தூர் வட்டாரம் முழுதும் நிலவும் நம்பிக்கை தவறானது என்பதைக் கனத்த மனத்துடன் அறிவிக்கிறேன். தீக்காய வார்டில் நான் பிசியோதெரபிஸ்ட். மடக்கி வைத்தால் சுகமாயிருக்கும் கைகளை நீட்டச் சொல்லித் திட்டு வாங்குவது என் தொழில். ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணையிருந்தவர்களுக்கு இது புரியும்.

வலிக்காத இடம்

சரசக்காவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் வெல்ல ஆலையில் வேலை. கொதிக்கும் பாகு வலது தோளிலும் கையிலும் கொட்டிவிட்டது. பாகு தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும்.

முழங்கைக்குக் கீழே சிவந்திருந்த இடத்தில் விரல் பட்டாலே துடித்தார். தோளும் அக்குளும் வெளுத்து விறைத்திருந்தன. அங்கே தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. வலியைச் சொல்லும் நரம்பும் வெந்துபோயிருந்தது. கணவர் ஆறுமுகம் முகம் தெளிந்து சொன்னார்: "தோளு தப்பிச்சுதுங்க சார். கைதானுங்க போச்சு."

விரித்த கை

தொடையிலிருந்து தோலெடுத்துத் தோளிலும் அக்குளிலும் ஒட்டினார்கள். ஒட்டிய தோல் சுருங்கும். கையை விலாவோடு வைத்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதனால் கை தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீண்டே இருக்கும்படி ஒரு பிளாஸ்டிக் சட்டம் கட்டினேன். இராப்பகலாக, மாதக்கணக்கில்.

சரசக்காவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அவர் கேட்டது ஒன்றுதான்: "நானே கொண்டை போட்டுக்குவனுங்களா?"

"இதைக் கழட்டாம இருந்தா போட்டுக்கலாங்க்கா."

"அப்பக் கழட்ட மாட்டனுங்க. பஸ்ஸுல ரெண்டு சீட்டு வேணும், அவ்வளவுதானுங்க?"

வந்தவர்கள்

வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று வாரத்தில் வரச் சொன்னோம். ஆறு வாரம் கழித்து வந்தார். சட்டம் பையில் இருந்தது. அக்குளில் தோல் கயிறாகத் திரண்டிருந்தது. கை விலாவைவிட்டு ஒரு சாண்தான் விலகியது.

உடம்பு முடியாதவரைப் பார்க்க வராத சொந்தம் எங்கள் பக்கம் கிடையாது. வந்தவரைக் கும்பிட்டு 'வாங்க' சொல்லாத வீடும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் சட்டத்தைக் கழற்றிக் கும்பிட்டிருக்கிறார். அவர்கள் எழுந்திருப்பதற்குள் அடுத்தவர்கள். பிறகு கட்டப் போனால் கை எழவில்லை.

"வாயில 'வாங்க'ன்னா போதாதுங்களாக்கா?"

"சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்திருக்கறப்ப, வாசலக் காட்டற மாதிரி கைய நீட்டிக்கிட்டு எப்படிங்க உக்கார்றது?"

தோலை அறுத்து விடுவிக்க இன்னொரு ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம். ஆபரேஷன் அன்றைக்குச் சரசக்கா முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து, இரு கையும் கூப்பி எனக்கு வணக்கம் சொன்னார்.